வீட்டுச் சேமிப்புக்குக் கன்டெய்னர் எதற்கு?

வீட்டில் மூன்று பழைய கணினிகளை இணைத்துச் சேமிப்புக் கிளஸ்டர் ஒன்றை நடத்துகிறவர், அதை இயங்குதளத்தின்மேல் நேராக நிறுவி வைத்திருந்தால் அது காலத்துக்கு ஒவ்வாத காரியம் என்றும், தாமதமின்றிக் கன்டெய்னருக்கு மாற்றிவிடுவதே விவேகம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் தொழிற்பேட்டைப் பகுதியில் வேரூன்றிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவில் பணிபுரிந்துகொண்டு பென்னலூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் குடியிருக்கும் இளைஞர்களில் சிலர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினிகளையும் ஹார்டு டிஸ்குகளையும் கொண்டு செஃப் என்னும் மென்பொருளால் கிளஸ்டர் அமைத்து, குடும்பத்தின் புகைப்படங்களையும் வீட்டுப் பத்திரத்தின் நகல்களையும் குழந்தைகளின் சான்றிதழ்களையும் அதில் வைத்திருக்கிறார்கள். அவர்களிடையே இந்த அபிப்பிராயம், விசாரணைக்கு அப்பாற்பட்ட சித்தாந்தம்போல் நிலைத்திருக்கிறது. அது தவறு என்பது என் கட்சி. அத்தவற்றின் விலையைக் கொடுக்க நேர்வது அந்தப் புகைப்படங்களும் பத்திரங்களும் ஆகையால், அதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைப்பது முதற்கடமை. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெய்ல் தம் முனைவர் பட்ட ஆராய்ச்சியாகத் தொடங்கிய செஃப், 2012இல் ஆர்கனாட் என்ற பெயருடன் வெளிவந்த நாள்முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பெரும்பாலும் பேக்கேஜ்களாகவே கணினிகளில் நிறுவப்பட்டு வந்தது. 2020 மார்ச்சில் வந்த ஆக்டோபஸ் பதிப்பு, செஃப்அட்ம் என்ற நிர்வாகக் கருவியை அளித்து, செஃப்பின் சேவைகள் யாவற்றையும் போட்மேன் அல்லது டாக்கரின் கீழ்க் கன்டெய்னர்களாக ஓட்டும் வழியைக் காட்டிற்று. அவ்வழியின் அனுகூலங்கள் கற்பனை அல்ல. எல்லாக் கணினிகளிலும் ஒரே இமேஜ் ஓடுவதால் பதிப்பு வேற்றுமைகளால் விளையும் குழப்பம் ஒழிகிறது. இயங்குதளத்தைப் புதுப்பிப்பதும் செஃப்பைப் புதுப்பிப்பதும் ஒன்றையொன்று கட்டிப்போடாத தனித்தனிக் காரியங்களாகின்றன. ஒரே கட்டளை, மேனேஜர், மானிட்டர், டிஸ்கில் தரவை வைக்கும் ஓஎஸ்டி என்ற வரிசையில் ஒவ்வொரு சேவையாக, அதை நிறுத்துவது பத்திரந்தானா என்று சோதித்த பின்னரே நிறுத்திப் புதுப்பித்துக்கொண்டு போகிறது. ஒரு கணினியின் இயங்குதள டிஸ்க் செத்துவிட்டால் வேறொரு லினக்ஸை அதில் நிறுவிக் கிளஸ்டரில் மீண்டும் சேர்ப்பதும் எளிது. செஃப்பை இயற்றுகிறவர்களே இவ்வழியைச் சிபாரிசு செய்கிறார்கள். உத்தியோகத்திலும் இனி இதுவே வழக்கமாதலால் வீட்டில் பழகுவது நன்மை தரும் என்றும் சொல்கிறார்கள். இவ்வளவையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றிலிருந்து, வீட்டிலுள்ள மூன்று கணினிகளை மாற்றியாக வேண்டும் என்ற முடிவு பிறக்கவில்லை.

முதலாவது ஆட்சேபம். கன்டெய்னர் தரும் தனிமை பெரிய பாதுகாப்பு என்கிறார்களே, சேமிப்புச் சேவைக்கு அந்தத் தனிமை எங்கே கிடைக்கிறது? கன்டெய்னர் தனியொரு கணினியன்று. எல்லா நிரல்களும் ஓடுகிற அதே கெர்னலின்மேல் ஓடுகிற நிரலேயாகும். அதன் கண்ணுக்கு எவை புலப்பட வேண்டும் என்பதை நேம்ஸ்பேஸ்களும், அது எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை சி-குரூப்புகளும் வரையறுக்கின்றன. கூகுளின் பொறியாளர்கள் 2006இல் தொடங்கி, 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24 கெர்னலில் இடம்பெற்ற இந்த சி-குரூப் ஏற்பாடு, ஒரே கணினியில் எண்ணற்ற வேலைகள் நெருக்கியடித்து ஓடும்போது ஒன்றின் பசி மற்றொன்றைப் பட்டினி போடாமலிருப்பதற்காக உண்டானது. 2013இல் டாக்கர் பிரபலப்படுத்திய முறையோ, எந்நேரமும் அழித்து எந்நேரமும் மறுபடி உண்டாக்கத்தக்க, தன்னிடம் நிலையான சொத்து எதையும் வைத்துக்கொள்ளாத சேவைகளை உத்தேசித்தது. சேமிப்புச் சேவையின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. ஹார்டு டிஸ்கைத் தொட்டே தீரவேண்டிய ஓஎஸ்டியைக் கன்டெய்னருக்குள் வைக்கும்போது, செஃப்அட்ம் அதற்கு முழுச் சலுகை தருகிறது. கணினியின் வலைப்பின்னலையே அதற்கும் கொடுக்கிறது. சாதனங்கள் உள்ள டெவ் அடைவையும் கெர்னலின் சிஸ் அடைவையும் எல்விஎம் குறிப்புகளையும் உள்ளே திறந்துவிடுகிறது. இவ்வளவையும் செய்யாவிட்டால் ஓஎஸ்டி வேலை செய்யாது. இவ்வளவையும் செய்த பிறகு தனிமை என்று சொல்ல மீதி இருப்பது மிகக் கொஞ்சம். கெர்னலின் டிஸ்க் டிரைவரில் கோளாறு வந்தால் கன்டெய்னருக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றாகவே விழும்.

நினைவகத்துக்கு வரம்பு கட்டலாமே என்பார்கள். ஓர் ஓஎஸ்டி தனக்கென்று நாடும் நினைவகம் இயல்பமைப்பில் 4 ஜிபி. இரண்டு டிஸ்க் வைத்த 8 ஜிபி கணினியில் இது நிஜமான கவலைதான். ஆனால் வரம்பு கட்டுவதற்குக் கன்டெய்னர் வேண்டியதில்லை. நேராக நிறுவிய சேவைக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் ஒரு வரி எழுதினால் அதே சி-குரூப் அதே வரம்பை விதிக்கிறது; ஓஎஸ்டியின் நினைவக இலக்கைக் குறைக்கச் செஃப்பிலேயே அமைப்பு இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம், புதுப்பித்தல் பற்றியது. எதிர்க்கட்சியின் மிக வலிய கோட்டை இதுவேயாகையால் இதில் சற்று நின்று பேச வேண்டும். கன்டெய்னர் உலகில் புதுப்பித்தலுக்கு உள்ள கவர்ச்சியெல்லாம், புதிய இமேஜ் சரிப்படாவிட்டால் பழைய இமேஜுக்குத் திரும்பிவிடலாம் என்ற உறுதியில் பிறந்தது. ஒரு வலைத்தளத்துக்கு அது மெய்யான உறுதி. சேமிப்புக்கு அது மெய்யாகுமா? செஃப்பில் ஒரு பெரும்பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போன பின் பின்னோக்கி வருவதற்கு அனுமதி இல்லை. ஏனெனில் புதிய நிரல் டிஸ்கில் எழுதும் வடிவத்தையே மாற்றிவிடக்கூடும், பழைய நிரலுக்கு அது விளங்காது. இமேஜ் திரும்பிவிடும், தரவு திரும்பாது. பசிபிக் பதிப்பில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். பழைய பதிப்பிலிருந்து பசிபிக்குக்கு வருகையில், ஓஎஸ்டி டிஸ்கில் தரவை எழுதக் கையாளும் ப்ளூஸ்டோர் தன் குறிப்புகளின் வடிவத்தை மாற்றுகிற ஒரு தானியங்கி வேலையில் பிழை இருந்து, தரவு கெடும் அபாயம் உண்டாயிற்று. அந்த வேலையை இயக்கும் அமைப்பை அணைத்துவிட்டே புதுப்பிக்க வேண்டுமென்று 2021இல் செஃப் குழுவினர் எச்சரிக்கை விடுத்து, 16.2.7இல் பிழையைத் திருத்தினார்கள். அந்தப் பிழையை எதிர்ப்பட்டவருக்கு, நிரல் பேக்கேஜாக வந்ததா இமேஜாக வந்ததா என்பதால் கடுகளவும் வித்தியாசம் இல்லை. அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை மூன்றே: வெளியீட்டுக் குறிப்பை வாசித்தல், சில வாரங்கள் பொறுத்தல், ஓர் ஓஎஸ்டியை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்து மற்றவற்றைத் தொடாதிருத்தல். மூன்று கணினிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேக்கேஜைப் புதுப்பித்து, ஒவ்வொன்றுக்கும் பின் கிளஸ்டரின் ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிற மனிதர் இவற்றில் கடைசியையேனும் முறையின் நிர்ப்பந்தத்தாலேயே செய்கிறார். ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்து போகிறவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. நூறு கணினிகளை உடையவருக்குத் தானியக்கம் அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெரும்பதிப்பு வருகிற மென்பொருளை மூன்று கணினிகளில் புதுப்பிப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முற்பகலுக்குள் முடிகிற வேலை. அந்த முற்பகலை மிச்சம் பிடிப்பதற்காக, அமைப்பு முழுவதையும் மாற்றியமைப்பது எந்தக் கணக்கில் லாபம்?

மின்சாரம் போய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று இவர்கள் யோசித்ததுண்டா? இது மூன்றாவது ஆட்சேபம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போவதை எதிர்பார்த்தே வாழ்கிற நம் பகுதியில் இதுவே எனக்கு மிக முக்கியமானது. நேராக நிறுவிய கிளஸ்டரில் கெர்னல் எழுகிறது, சிஸ்டம்டி எழுகிறது, அது ஓஎஸ்டியை எழுப்புகிறது; அவ்வளவே. கன்டெய்னர் ஏற்பாட்டில் இடையே போட்மேனோ டாக்கரோ கன்டெய்னரை எழுப்ப வேண்டும். இமேஜ் அதே டிஸ்கில் அப்படியே இருக்க வேண்டும். சாதாரணமாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடத்தைக் காலி செய்ய ஒரு நாள் பழைய இமேஜ்களைத் துடைக்கும்போது ஓடாமல் நின்றிருந்த ஒரு சேவையின் இமேஜும் சேர்ந்து போயிருந்தால், அல்லது இயங்குதள டிஸ்க் செத்துப் புதியது போட நேர்ந்தால், இமேஜை இணையத்திலிருந்து இறக்கியாக வேண்டும். பழைய கணினிகளில் சிமாஸ் பேட்டரி செத்துக் கிடப்பது சகஜம். மின்சாரம் வந்ததும் அவற்றின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். மானிட்டர்களுக்கிடையே நேர வித்தியாசம் 0.05 விநாடியைத் தாண்டினால் செஃப் எச்சரிக்கை எழுப்பும் என்பது இரண்டு ஏற்பாட்டுக்கும் பொதுவான தொல்லை. ஆனால் கடிகாரம் தவறாயிருக்கும் கணினி, இமேஜ் வைத்திருக்கும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைச் செல்லாததென்று தள்ளி, இமேஜை இறக்கவே மறுக்கும் என்பது கன்டெய்னர் ஏற்பாட்டுக்கே உரிய தொல்லை. கடிகாரத்தைச் சரிசெய்ய நேர சர்வரின் பெயரைக் கேட்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டிய வீட்டு டிஎன்எஸ் சேவை, இக்காலத்தில் அநேக வீடுகளில் இருப்பதுபோல், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் கன்டெய்னராக இருந்து தன் தரவையும் அதே செஃப்பில் வைத்திருந்தால், செஃப் எழ இமேஜ் வேண்டும், இமேஜுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்குச் செஃப் வேண்டும் என்ற வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது. இமேஜ்களை வைத்திருக்கும் கிடங்கையும் வீட்டிலேயே, அதே கிளஸ்டரின்மேல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த வட்டம் இன்னும் சிறிது. தொழிற்சாலையில் இவ்வட்டத்தை அறுப்பதற்கென்று தனி சர்வர்களும் மூன்று ஷிப்டுகளிலும் ஆட்களும் உண்டு. வீட்டில் யார் உண்டு?

நான்காவது ஆட்சேபம் அந்தக் கேள்வியிலிருந்தே எழுகிறது. பழுது நேர்ந்தபோது கைக்கு எட்டுவது எது? நேரடி நிறுவலில் லாக் கோப்புகள் வார்-லாக் அடைவில், செஃப் என்ற பெயரிலேயே இருக்கின்றன. கட்டளைகள் கணினியிலேயே இருக்கின்றன. லினக்ஸை ஓரளவு அறிந்த எந்த நண்பரை அழைத்தாலும் அவர் தேடி எடுத்துவிடுவார். செஃப்அட்ம் ஏற்பாட்டில் ஒவ்வொரு சேவையின் பெயரும் கிளஸ்டரின் நீண்ட அடையாள எண்ணைத் தாங்கியது. லாக் இயல்பமைப்பில் ஜர்னலுக்குப் போகிறது. செஃப் கட்டளை ஒன்றைத் தட்டுவதற்கே, பேக்கேஜைத் தனியாக நிறுவியிராவிட்டால், இன்னொரு கன்டெய்னரை எழுப்பி அதற்குள் நுழைய வேண்டும். எழ மறுக்கும் ஓஎஸ்டி ஒன்றின் டிஸ்கிலிருந்து கடைசி முயற்சியாகத் தரவை மீட்கிற ஆப்ஜெக்ட்ஸ்டோர் கருவியை ஓட்டுவதற்கும், அந்த ஓஎஸ்டியின் பெயரைக் குறித்து அதன் சூழலைக் கன்டெய்னருக்குள் உண்டாக்கிக்கொண்டே போக வேண்டும். இவை யாவும் கற்றுக்கொள்ளக்கூடியவையே. ஆனால் செஃப்பைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரே அரிது. செஃப்பையும் கன்டெய்னரையும் இவ்விரண்டின் சந்தியையும் சேர்த்து அறிந்தவர் அதனினும் அரிது. கிளஸ்டரை அமைத்தவர் ஒரகடத்தில் இரவு ஷிப்டில் இருக்கிற நாளில், வேலை மாற்றலாகி வெளியூர் போன நாளில், அல்லது அவர் இல்லாமலே போய்விட்ட நாளில், அவருடைய மனைவியோ தம்பியோ பிறர் உதவியுடன் அந்தப் படங்களையும் பத்திரங்களையும் எடுக்க முடியுமா என்பதே வீட்டுச் சேமிப்பின் உண்மையான பரீட்சை. செஃப்பே அந்தப் பரீட்சையில் கடினமான விடைத்தாள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பெரும்பான்மையான குடும்பங்களுக்கு இரண்டு டிஸ்க் வைத்த ஒரு பெட்டியே போதும். இருப்பினும் செஃப் வேண்டுமென்று தீர்மானித்துவிட்டவர், அதன் கடினத்தின்மேல் இன்னோர் அடுக்கைத் தாமாகவே ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

இயற்றியவர்களின் சிபாரிசே போதாதா? போதாது என்பது ஐந்தாவது ஆட்சேபம். சிபாரிசுக்குக் காரணம் இருக்கிறது. அது நேர்மையான காரணமுங்கூட. பல லினக்ஸ் வகைகளுக்கும் ஒவ்வொன்றின் பல பதிப்புகளுக்கும் தனித்தனியே பேக்கேஜ் கட்டிச் சோதிப்பதைவிட ஒரே இமேஜைச் சோதிப்பது எளிது; 2014இல் ரெட் ஹாட்டின் வசம் சேர்ந்து, பின்னர் ஐபிஎம்மின் சேமிப்புப் பிரிவோடு இணைந்த ஒரு திட்டத்துக்கு, ஆயிரக்கணக்கான டிஸ்குகளை உடைய வாடிக்கையாளர்களை ஒரே மாதிரியில் ஆதரிக்க அதுவே சௌகரியம். அந்தச் சௌகரியம் அவர்களுடையது. அது வீட்டுக்காரரின் சௌகரியமும் ஆகும் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தை நான் இதுவரை கேட்டதில்லை. பேக்கேஜ் வழியே அழிந்துகொண்டிருக்கிறது என்ற பயமுறுத்தலும் ஆதாரமற்றது. டெபியன் இன்றும் செஃப்பைப் பேக்கேஜாக வழங்குகிறது. வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ், சிறிய அலுவலகங்களும் வீட்டுச் சோதனைக்கூடங்களும் பெரிதும் கையாளும் அமைப்பு. அது செஃப்பைத் தன் கணினிகளின்மேல் நேராகவே நிறுவுகிறது. ஜெனீவாவின் சேர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2013இல் செஃப்பைக் கையாளத் தொடங்கியபோது பெட்டாபைட் கணக்கான தரவைப் பேக்கேஜ்களையும் பப்பெட் என்ற நிர்வாகக் கருவியையும் கொண்டே நடத்திற்று. அவ்வளவு பாரத்தைத் தாங்கிய முறை, ஒரு குடும்பத்தின் 4 டிபி தரவைத் தாங்காதா?

உத்தியோகத்துக்குப் பயிற்சி என்ற வாதத்துக்குப் பதில் சுருக்கமானது. இதை ஆறாவதாகக் கொள்ளலாம். பயிற்சி வேண்டுமானால் இன்னும் ஒரு பழைய கணினியில், இழந்தால் ஒன்றும் கெடாத தரவைப் போட்டு, உடைத்துப் பார்த்துக் கற்க வேண்டும். பென்னலூரிலேயே பொறியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர் எவரும், உடைப்பதற்கு அஞ்ச வேண்டிய இயந்திரத்தில் எதையும் கற்க இயலாது என்பதை ஆய்வகத்தில் அறிந்திருப்பார். குடும்பத்தின் ஒரே பிரதி இருக்குமிடம் ஆய்வகமன்று.

ஏழாவதும் இறுதியுமான ஆட்சேபமே மற்றெல்லாவற்றையும்விட எனக்கு வேதனை தருவது. இந்த மாற்றத்துக்குச் செலவாகும் உழைப்பு எதிலிருந்து பறிக்கப்படுகிறது? செஃப் இயல்பமைப்பில் ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகளை வைக்கிறது. மூன்று கணினிகளில் 4 டிபி வீதம் 12 டிபி இருந்தால், நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 டிபி. மூன்று பிரதிகள் இருக்கின்றன என்ற நிம்மதியில் பேக்கப் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. அந்த மூன்றும் ஒரே அறையில், ஒரே மேசையின் கீழ், ஒரே மின்கம்பியில் இருக்கின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது சென்னைக்கு நேர்ந்ததை நாம் பார்த்தோம். அந்த மழையில் நம் பகுதியிலேயே ஹூண்டாயும் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. இடுப்பளவு நீர் புகுந்த தரைத்தள வீட்டில் மூன்று பிரதியும் ஒரு பிரதியும் ஒன்றே. தவறாக அழித்த கோப்பும் மூன்று இடத்திலும் ஒரே கணத்தில் அழிகிறது. மின்சாரம் அறுந்தால் எழுதிக்கொண்டிருந்ததைக் காப்பாற்றும் வசதியில்லாத மலிவான எஸ்எஸ்டியும், விநாடி நேரம் இருட்டை விட்டு மாறுகிற இன்வெர்ட்டரும் செய்யும் கேட்டைக் கன்டெய்னர் எவ்விதத்திலும் தடுப்பதில்லை. இந்த அபாயங்கள் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு: சரியான யூபிஎஸ், தரையிலிருந்து உயர்ந்த அலமாரி, சொந்த ஊரில் உறவினர் வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை புதுப்பிக்கும் டிஸ்க் ஒன்று, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்கும் பழக்கம். இவற்றைச் செய்ய நேரமில்லை என்கிறவர்களே, கன்டெய்னருக்கு மாற வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குவதைக் காண்கிறேன். சலிப்பூட்டும் காரியத்தைத் தள்ளிவைத்து, சுவாரசியமான காரியத்தைப் பாதுகாப்பென்று பெயரிட்டுச் செய்வது தரவுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்லுவேன்.

மாற்றத்துக்கு நியாயம் உண்டாகும் ஒரு நிலைமை உண்டு; அதை மறைப்பது வாதத்துக்கு அழகன்று. தம் லினக்ஸுக்கு வேண்டிய செஃப் பதிப்பின் பேக்கேஜ் கிடைக்காமலும், லினக்ஸையும் மாற்ற இயலாமலும், ஆதரவு முடிந்த பதிப்பில் சிக்கிக்கொண்டவருக்குக் கன்டெய்னர் உண்மையான வெளிவழி. அவருக்குச் செஃப்அட்மின் அடாப்ட் கட்டளை, டிஸ்கிலுள்ள தரவை நகர்த்தாமலே, மானிட்டர்களையும் மேனேஜர்களையும் முதலிலும் ஓஎஸ்டிகளைப் பின்னரும் இருந்த இடத்திலேயே சுவீகரித்துக்கொள்ளும். கோப்பமைப்பின் குறிப்புகளைப் பேணும் எம்டிஎஸ் முதலியவற்றை மட்டும் புதிதாக நிறுவ வேண்டும். ஆனால் திரும்பி வருவதற்கு அப்படியொரு கட்டளை கிடையாது. ஆகவே அவர், கிளஸ்டரின் அடையாள எண்ணையும் சாவிக் கோப்புகளையும் மானிட்டர் வரைபடத்தையும் கிளஸ்டருக்கு வெளியே ஒரு பிரதி எடுத்து, ஓடப்போகும் இமேஜைக் கோப்பாக ஒரு பென்டிரைவில் சேமித்து, வீட்டு டிஎன்எஸ்ஸின் தரவைச் செஃப்பிலிருந்து வெளியே நகர்த்தி, வேறோர் ஊரிலுள்ள பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே, முதல் மானிட்டரின் பெயரை அந்தக் கட்டளையில் எழுத வேண்டும்.